வாவியின் அகலமும் ஒரு சாண் துணியும்



திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். அளவறிந்து உண்ண வேண்டும் என்பதையே அதன் பெரும்பாலான குறள்கள் வற்புறுத்துகின்றன. ஆனால் அதன் இறுதிக் குறளில், அதாவது 950ஆம் குறளில், மருத்துவத்தின் உறுப்புகள் எவை என்று வள்ளுவர் எண்ணிக் காட்டுகிறார். நோயாளி ஒன்று, தீர்க்கும் வைத்தியர் ஒன்று, மருந்து ஒன்று. இம்மூன்றோடு நிறுத்தாமல் நான்காவதாக 'உழைச்செல்வான்' என்று ஒருவரையும் அவர் சேர்க்கிறார். 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று பணி செய்பவரே உழைச்செல்வான். இன்று நாம் தாதி என்று அழைப்பவர் அவரே. தமிழ்நாட்டார் செவிலி என்பர்.

மருத்துவத்தில் காற்பங்கைத் தாதிக்குக் கொடுத்த வள்ளுவர், அவருக்கு இட்ட பெயரிலேயே அவருடைய தொழிலின் இலக்கணத்தையும் வைத்துவிட்டார். வைத்தியர் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். மருந்து போத்தலில் இருக்கலாம். தாதி அப்படி இருக்க முடியாது. நோயாளி இருமும்போதும், வாந்தி எடுக்கும்போதும், மூச்சுக்குத் தவிக்கும்போதும் அவர் முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். நெருக்கமே அவருடைய தொழில்.

அப்படியானால், பக்கத்தில் நிற்பவரை நோயிலிருந்து காப்பது எது? தாதியர் அணியும் முகக்கவசத்தின் வரலாறு, இந்தக் கேள்விக்கு மனிதர் காலந்தோறும் கண்ட விடைகளின் வரலாறாகும். அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் நமது மட்டக்களப்பு வாவியின் நடுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆதலால் அதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வாயைத் துணியால் மூடும் வழக்கம் நமக்குப் புதியதன்று. வாவியின் மேற்கே, படுவான்கரையில், மண்டூர்க் கந்தசுவாமி கோயில் இருக்கிறது. எழுவான்கரையார் குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்து அங்கே செல்வார்கள். சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் அக்கோயிலில், பூசை செய்யும் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டே பூசை செய்வார். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலும் இவ்வழக்கம் உண்டு. இதைக் காட்டி, நம் முன்னோர் கிருமிகளை அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது. அது பக்தியின் வழி வந்த மரபு. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்தத் துணி, கட்டியிருப்பவரைக் காப்பதற்காகக் கட்டப்படுவதில்லை. எதிரில் இருப்பதன் தூய்மையைக் காப்பதற்காகவே கட்டப்படுகிறது. மருத்துவ முகத்திரையும் இதே நோக்கத்தோடுதான் பிறந்தது. அதைப் பின்னர் காண்போம்.

நோயுற்றவரின் பக்கத்தில் நின்றவர்களை நமது பழைய இலக்கியங்கள் மறக்கவில்லை. போரில் புண்பட்டு வீட்டில் கிடக்கும் வீரனைப் பேணும் காட்சி புறநானூற்றின் 281ஆம் பாடலில் வருகிறது. பாடியவர் அரிசில்கிழார். மனையில் வேப்பிலை செருகுகிறார்கள், ஐயவி என்னும் வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், நறும்புகை எழுப்புகிறார்கள், யாழும் பாட்டுமாக அவனைக் காக்கிறார்கள். வேம்பும் புகையும் இசையும் கொண்டு நோயாளியைச் சுற்றி ஒரு காப்பு வளையம் அமைக்கப்படுகிறது. ஆனால் அந்த வளையத்துக்குள் நின்று பேணும் பெண்களுக்கு யாது காப்பு? பாடல் அதைக் கேட்கவில்லை.

நமது பிரதேசத்தில் அம்மை நோய் கண்ட வீடுகளிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது. கண்ணகி அம்மன் வழிபாடு வேரூன்றிய மண் இது. வாசலில் வேப்பிலை கட்டினால் அயலார் உள்ளே வரமாட்டார்கள். தாயோ பாட்டியோ நோயாளியின் பாயருகே இருந்து, வேப்பிலையால் வருடி, குளிர்ச்சியான ஆகாரம் கொடுத்துப் பேணுவார். அம்மை ஒருமுறை கண்டு தேறியவர் அஞ்சாமல் அருகே போகலாம் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். அம்மைத் தழும்பு நிறைந்த முகமே அன்றைய தாதிக்கு முகக்கவசம் எனலாம். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதென்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வேப்பிலை கட்டும் வழக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இனி, தொழுநோய்க்கு வருவோம். குட்டநோய் என்றும் குஷ்டரோகம் என்றும் அழைக்கப்பட்ட இந்நோயைப் போல மனிதரை மனிதரிடமிருந்து பிரித்த நோய் வேறில்லை. ஒல்லாந்தர் 1708இலேயே கொழும்புக்கு அருகே ஹெந்தலையில் தொழுநோயாளருக்கென்று ஒரு வைத்தியசாலையை நிறுவினர். நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் இந்நோயின் கிருமியை 1873இல் கண்டுபிடித்தார். கிருமி தெரிந்ததே தவிர, அது எவ்வாறு பரவுகிறது என்பது தெளிவாகவில்லை, மருந்தும் இல்லை. அறிவு பாதி வழியில் நிற்கும்போது அச்சம் முழு வேகத்தில் ஓடும் என்பதற்கு இது நல்ல சான்று. இலங்கையில் 1901இல் வந்த சட்டம், தொழுநோயாளரைப் பிரித்து வைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 1920களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் ஒரு தொழுநோய் வைத்தியசாலை அமைந்தது.

மாந்தீவுக்குப் பாலம் கிடையாது. நோயாளியைத் தோணியில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவ்வாறு சென்று சேர்ந்தார்கள். நகரத்தின் ஓசை கேட்கும் தொலைவில்தான் தீவு இருந்தது. இக்கரையில் திருவிழாவும் பெருநாளும் நடக்கும்போது அக்கரையில் வெளிச்சம் தெரிந்திருக்கும். ஆனால் திரும்பி வரும் வழி பெரும்பாலானோருக்கு அடைபட்டிருந்தது.

இதை முகக்கவசத்தின் வரலாற்றில் ஏன் சேர்க்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். முகக்கவசம் என்பது நோயாளியின் மூச்சுக்கும் நலமாயிருப்பவரின் மூச்சுக்கும் இடையே வைக்கப்படும் ஒரு தடை. எவ்வளவு தடை போதும் என்பதை அறியாத காலத்தில் மனிதர் ஒரு வாவியையே இடையில் வைத்தார்கள். மாந்தீவைச் சுற்றியிருந்த தண்ணீர் முழுவதும் ஊரார் அணிந்துகொண்ட முகக்கவசமே. அந்தத் தண்ணீரைக் கடந்து அக்கரைக்குப் போய், புண்ணைக் கழுவிக் கட்டி, மருந்து கொடுத்தவர்களுக்கு அந்தக் கவசம் இல்லை. அவர்களுக்கு இருந்தது தோணியும் துணிவும்தான்.

இன்று நாம் அறிவது என்ன? தொழுநோய் தொடுவதால் தொற்றிவிடுவதன்று. சிகிச்சை பெறாத நோயாளியின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வரும் நுண்துளிகளால், நெருங்கிய நீண்டகாலப் பழக்கத்தில் பரவக்கூடியது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேற்பட்டோரின் உடலில் இதை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயாளி பிறருக்கு நோயைப் பரப்பும் நிலை நீங்கிவிடுகிறது. அதாவது, வாவியின் அகலம் முழுவதும் தேவைப்பட்டிருக்கவே இல்லை. தொழுநோய் வைத்தியசாலைகளில், குணமான பின்னும் போவதற்கு வீடின்றி அங்கேயே வாழ்ந்து முடித்தவர்களை நினைக்கும்போது, அறியாமைக்கு எவ்வளவு பெரிய விலை கொடுக்கப்பட்டது என்பது விளங்கும்.

தடையை வாவியிலிருந்து ஒரு சாண் துணியாகக் குறுக்கியது விஞ்ஞானம். அக்கதை 1897இல், அன்று ஜெர்மனிக்கு உரியதாயிருந்த பிரெஸ்லௌ நகரில் தொடங்குகிறது. இன்று அது போலந்து நாட்டின் விரோத்ஸ்வாவ் நகரம். அங்கே கார்ல் ஃபுளூகே என்ற பேராசிரியர், மனிதர் பேசும்போதே கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளிகள் கிருமிகளோடு வெளியே தெறிக்கின்றன என்பதை நிரூபித்தார். அதே நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் மிக்குலிச், கோஸ் எனப்படும் சல்லாத் துணியை வாயில் கட்டிக்கொண்டு சத்திரசிகிச்சை செய்யத் தொடங்கினார். அதே ஆண்டில் பாரிஸ் நகரத்துப் போல் பெர்ஜே என்ற வைத்தியரும் இதைக் கைக்கொண்டார். வைத்தியரின் எச்சில் நோயாளியின் புண்ணில் விழக்கூடாது என்பதே இருவரின் நோக்கமும். மண்டூர்க் கப்புகனாரின் துணியை இங்கே மீண்டும் நினைத்துப் பாருங்கள். முகத்திரை முதலில் நோயாளியைத்தான் காத்தது. கட்டியவரைக் காக்கும் என்ற எண்ணம் இன்னும் பிறக்கவில்லை.

அந்த எண்ணத்துக்கு உரம் இட்டவர் ஆசியாவைச் சேர்ந்தவர். தமிழர் நாகபட்டினத்தில் கப்பலேறிப் போய்க் குடியேறிய அதே பினாங்கில் 1879இல் பிறந்தவர் வூ லியன் தே. கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றவர். 1910ஆம் ஆண்டின் இறுதியில் வடசீனத்து மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது, சீன அரசு அவரை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. எலிகளின் தெள்ளுப்பூச்சியால் மட்டுமே கொள்ளைநோய் பரவும் என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. இது நுரையீரலைத் தாக்கி மூச்சின் வழியே மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று வூ முடிவு செய்தார். சல்லாத் துணியின் இரு மடிப்புகளுக்கு இடையே பஞ்சை வைத்து ஓர் எளிய கவசம் தைப்பித்தார். வைத்தியர், தாதியர், சவம் சுமப்போர் என நோயை நெருங்குவோர் அனைவரும் அதை அணிய வேண்டும் என்றார்.

பிரெஞ்சு வைத்தியர் மெனி என்பவர் அதை ஏற்கவில்லை. தம்மிலும் இளையவரான ஒரு சீனரின் சொல்லைப் பொருட்படுத்தாமல், முகம் மூடாமலே நோயாளரைப் பார்வையிடச் சென்றார். சில நாட்களில் அதே நோயால் இறந்தார். அதன் பின்னர் ஹார்பினில் முகக்கவசம் பற்றி வாதம் செய்ய ஆளில்லை. அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். ஆயினும் 1911ஆம் ஆண்டின் வசந்த காலத்துக்குள் அது அடக்கப்பட்டது. பணி செய்பவரைக் காக்காமல் நோயாளியைக் காக்க முடியாது என்ற பாடத்தை உலகம் அங்கே கற்றிருக்க வேண்டும்.

ஆனால் பாடத்தைக் கற்க உலகம் அவசரப்படவில்லை. 1918இல் இன்புளுவென்சா காய்ச்சல் உலகைச் சூழ்ந்தது. அது இலங்கையையும் விடவில்லை. அந்நாளைய பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, 1918-19இல் இலங்கையின் குடித்தொகையில் ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ மூன்று இலட்சத்து ஏழாயிரம் என்று மதிப்பிடுகிறது. அன்றைய குடித்தொகையில் இது நூற்றுக்கு ஆறுக்கும் மேல். பதினைந்து பேருக்கு ஒருவர் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் அவ்வாண்டு ஒக்டோபரில் முகத்திரையைச் சட்டமாக்கியது. சிக்காகோவில் ஒரு தொற்றுநோய் வைத்தியசாலையில் பணியாற்றிய வீவர் என்ற வைத்தியர், தாதியர் இரட்டை மடிப்புச் சல்லாத் துணி கட்டத் தொடங்கிய பின்னர் தொண்டைக்கரப்பான் அவர்களைத் தொற்றுவது குறைந்துவிட்டதென அதே ஆண்டு எழுதினார். தாதியின் நலனை முகத்திரையின் பயனாகக் கணக்கிட்ட முதற் கட்டுரைகளுள் இதுவும் ஒன்று.

அந்நாளைய முகத்திரை வெறும் துணி. பயன்படுத்திய பின் துவைத்து, நீராவியில் அவித்து, மடித்து அடுக்கி, மறுநாளும் அணிவார்கள். 1960களில் மேல்நாடுகளில் ஒருமுறை அணிந்து எறியும் முகத்திரை பரவியது. பின்னர் அது எங்கும் வந்தது. இவ்வாறு எறியும் பழக்கம் ஏற்பட்டபோது ஒரு புதிய தொல்லையும் உடன்வந்தது. துணியைத் துவைத்துக் கட்டலாம். தாள் முகத்திரைக்கோ கப்பல் வர வேண்டும், பணம் வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. என்95 என்று இன்று எல்லோரும் அறிந்த மூச்சுக்கவசம், 1970களில் தொழிற்சாலைத் தொழிலாளரைத் தூசியிலிருந்து காப்பதற்காக வந்தது. 1990களில் அமெரிக்காவில் மருந்துக்கு மடங்காத காசநோய் பரவியபோதுதான் அது வைத்தியசாலைக்குள் பரவலாக நுழைந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எளிமையாகச் சொல்லலாம். சாதாரண முகத்திரை தளர்வானது. துளியைத் தடுக்கும், ஆனால் கன்னத்தின் ஓரத்தால் காற்று உள்ளே வரும். மூச்சுக்கவசம் முகத்தோடு இறுகப் படியும். உள்ளே போகும் காற்று முழுவதும் அதன் இழைகளினூடே வடிகட்டப்பட்டே போக வேண்டும். மிக நுண்ணிய துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தையேனும் தடுப்பதால்தான் அந்த எண் அதன் பெயரில் இருக்கிறது. முதலாவது நோயாளிக்காகப் பிறந்தது. இரண்டாவது தொழிலாளிக்காகப் பிறந்தது. தாதிக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்விக்குள், தாதியும் ஒரு தொழிலாளிதானே, அவருடைய உயிரும் கணக்கில் உண்டா என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது.

அக்கேள்வி 2003இல் வெளிப்படையாக எழுந்தது. அவ்வாண்டில் சார்ஸ் என்னும் நோய் கண்ட 8,096 பேரில் 1,706 பேர் வைத்தியசாலைகளில் பணி செய்தவர்கள். ஐவரில் ஒருவர்! கனடாவின் டொரன்டோ நகரில் அது தொடங்கிய இடம் ஸ்காபரோ. நம்மவர் வீடுதோறும் உறவினர் வாழும் அதே ஸ்காபரோதான். அந்நகரில் இரண்டு தாதியரும் ஒரு வைத்தியரும் இறந்தனர். நோய் அடங்கிவிட்டதென்று கருதிக் காப்பு நடவடிக்கைகளைத் தளர்த்தியபோது இரண்டாம் முறையும் அது எழுந்தது. புதிய நோயாளர் இருக்கிறார்கள் என்று தாதியர் முன்பே எச்சரித்தும் எவரும் செவிசாய்க்கவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. இதை விசாரித்த நீதிபதி ஆர்ச்சி காம்பெல் ஆணைக்குழு, விஞ்ஞானம் முற்றாக உறுதி செய்யும் வரை காத்திராமல் பணியாளரைக் காக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது.

அடுத்து நமக்கு அண்டையிலுள்ள கேரளம். 2018இல் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா வைரசு தோன்றியது. பேராம்பிரா வைத்தியசாலையில் ஆரம்ப நோயாளரைப் பேணிய தாதி லினி புதுசேரி அதே நோய்க்குப் பலியானார். அவர் இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். என்ன நோய் என்று பெயர் தெரியும் முன்னரே தாதி அதன் பக்கத்தில் நின்றாக வேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று.

2020ஆம் ஆண்டை உலக சுகாதார நிறுவனம் தாதியர் ஆண்டு என்று முன்னரே அறிவித்திருந்தது. நைற்றிங்கேல் அம்மையார் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததற்காக அந்த அறிவிப்பு. அதே ஆண்டில்தான் கொரோனா வந்தது. மார்ச் மாதத்தில், வெளிநாடுகளிலிருந்து திரும்பியோரைத் தனிமைப்படுத்தும் நிலையம் நமது மாவட்டத்துப் புனானையில் திறக்கப்பட்டது. காத்தான்குடி ஆதார வைத்தியசாலை அந்நோய்க்குரிய சிகிச்சை நிலையமாக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன் தொழுநோயைக் கண்டு எழுந்த அதே அச்சம், நோயாளரை எங்கேனும் தொலைவில் வையுங்கள் என்ற அதே குரல், நாடெங்கும் மீண்டும் கேட்டது. வாவியைத் தேடிய மனம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

ஆனால் இம்முறை தாதியரிடம் அறிவு இருந்தது, கவசமும் இருந்தது. போதிய அளவில் எப்போதும் இருந்ததா என்றால், உலகில் எங்குமே இருக்கவில்லை. செல்வந்த நாடுகளே முகக்கவசத்துக்காகத் துறைமுகங்களில் போட்டியிட்ட காலம் அது. நமது மண்ணின் வெக்கையை நீங்கள் அறிவீர்கள். மேல்நாட்டுக் குளிருக்கென்று வகுத்த உடையை, மேகமற்ற சித்திரை வெயிலில், உடல் முழுதும் மூடி, கண்ணுக்குக் கண்ணாடியும் முகத்துக்குத் தகடும் இட்டு, தண்ணீர் குடிக்கக்கூட அவிழ்க்க முடியாமல் மணிக்கணக்காக நிற்பது எளிதன்று. கடமை முடிந்து கழற்றும்போது மூக்கின் மேலும் கன்னத்திலும் பதிந்திருந்த தழும்புகளை உலகமே படங்களில் கண்டது. 2020 ஜனவரிக்கும் 2021 மே மாதத்துக்கும் இடையே உலகெங்கும் 80,000 முதல் 180,000 வரையிலான சுகாதாரப் பணியாளர் அந்நோயால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

முகக்கவசத்துக்கு ஒரு குறையும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையன்று. தாதியின் புன்னகை மருந்தில் ஒரு பாதி என்பார்கள். கவசம் அந்தப் பாதியை மறைக்கிறது. படுவான்கரையின் ஒரு மூலையிலிருந்து வரும் முதியவளுக்கு, கண் மட்டும் தெரியும் உருவம் அச்சத்தைக் கொடுக்கும். காது மந்தமானவர் உதட்டசைவைப் பார்த்தே சொல்லை விளங்கிக்கொள்வர். அவருக்கும் வழி அடைபடும். இதற்குத் தாதியர் தாமே வழி கண்டார்கள். தம் பெயரை உடையின் மேல் பெரிதாக எழுதிக்கொண்டவர்கள் பல நாடுகளில் உண்டு. நமது பேச்சிலோ அதைவிடச் சிறந்த வழி ஒன்று இருக்கிறது. "என்னம்மா, சாப்பிட்டியளா?" என்று ஒரு குரல் கேட்டுவிட்டால், முகம் தெரியாவிட்டாலும் ஆள் நம்முடையவர் என்று தெரிந்துவிடும்.

என்னிடம் தமிழ் படித்த மாணவியர் சிலர் இன்று தாதியராய் இருக்கிறார்கள். தாதியர் வாரத்தில் அவர்களை நாம் தேவதைகள் என்று மேடையில் புகழ்கிறோம். புகழ்ச்சியில் ஓர் ஆபத்து உண்டு. தேவதைக்கு முகக்கவசம் தேவையில்லை அல்லவா? தியாகம் என்ற சொல்லை வாரி வழங்குவது மலிவு. நல்ல மூச்சுக்கவசம் வாங்குவது செலவு. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது மருந்தும் வைத்தியசாலைப் பொருள்களும் எவ்வாறு தட்டுப்பட்டன என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய வேளையில் நோயாளிக்குரிய மருந்துப் பட்டியல் ஒன்று, தாதிக்குரிய கவசப் பட்டியல் வேறொன்று என்று எண்ணி, இரண்டாவதை வெட்டுவது எளிதாகத் தோன்றும். வள்ளுவர் அவ்வாறு பிரிக்கவில்லை. நான்கையும் சேர்த்தே மருந்து என்றார். தாதியின் முகக்கவசமும் நோயாளிக்குரிய மருந்துப் பட்டியலில்தான் இருக்க வேண்டும்.

முகக்கவசத்தை நாம் விலக்கி வைக்கும் கருவியாகவே பார்க்கப் பழகிவிட்டோம். வரலாறு வேறு விதமாகக் காட்டுகிறது. கவசம் இல்லாத காலத்தில் நோயாளிக்கும் நமக்கும் இடையே இருந்தது ஒரு வாவி. அந்த வாவியை ஒரு சாண் துணியாக்கி, பாயருகே சென்று நெற்றியில் கை வைக்கும் தூரத்துக்கு மனிதரைக் கொண்டுவந்தது அதுவே. உழைச்செல்வார் பக்கத்தில் செல்வதற்கு அது வழி. மாந்தீவுக்குப் போன தோணிகளில் இருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இனி வருபவர்களுக்குக் கிடைப்பது நம் கையில் இருக்கிறது.